விநோதினி நீலகண்ட் அம்மையார்

குஜராத்தி நாவல் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் ஒரு குடும்பத்தைக் கடந்து செல்லுதல் இயலாது. அக்குடும்பத்தில் பாட்டனார் நாவல் எழுதினார், தந்தையார் எழுதினார், தாயார் நாவலொன்றை மொழிபெயர்த்தார், மகளும் எழுதினார். அம்மகளே 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்த விநோதினி நீலகண்ட் அம்மையார். அவர் வாழ்வை அறியப் பாட்டனாரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பாட்டனார் மகீபத்ராம் ரூப்ராம் நீலகண்ட் ஆசிரியப் பயிற்சித் துறையில் பெயர் பெற்றவர். கல்வி முறைகளைக் கண்டறியும் பொருட்டு 1860இல் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். கடல் கடந்த குற்றத்திற்காக அவருடைய நாகர் சாதியார் அவரை விலக்கி வைத்தனர். அவர் 1866இல் வெளியிட்ட நாவலின் பெயர் ‘சாசு வஹூனி லடாயி’. மாமியார் மருமகள் சண்டை என்பது அதன் பொருள். புகுந்த வீட்டில் இளம்பெண் ஒருத்தி படும் துன்பத்தை அந்நாளிலேயே அச்சில் ஏற்றிய நூல் அது. குஜராத்தியின் முதல் நாவலாகப் போற்றப்படும் ‘கரண் கேலோ’வும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. அது அரசனைப் பற்றியது. இதுவோ அடுக்களையைப் பற்றியது.

தந்தையார் ரமண்பாய் நீலகண்ட் ‘பத்ரம்பத்ர’ என்னும் நகைச்சுவை நாவலை 1900இல் நூலாக்கியவர். பழமைவாதிகளின் வறட்டு ஆரவாரத்தை எள்ளி நகையாடிய அந்நூல் இன்றளவும் குஜராத்தி மக்களின் வாயில் புழங்குகிறது. தாயார் வித்யாகௌரி 1889இல், பதின்மூன்று வயதில், மணம் முடிக்கப் பெற்றவர். கல்லூரிக்குச் சென்றதெல்லாம் அதன் பின்னரே. இடையிடையே மகப்பேறு குறுக்கிட்டமையால் பட்டப் படிப்பை முடிக்க ஏழாண்டுகள் ஆயின. 1901இல் அவரும் தங்கை சாரதாவும் ஒருங்கே பி.ஏ. தேர்ச்சி பெற்று, குஜராத்தின் முதல் பெண் பட்டதாரிகள் ஆயினர். பின்னர் இச்சகோதரியர் இருவரும் ரமேஷ் சந்திர தத்தரின் நாவலொன்றை ‘சுதாஹாசினி’ என்னும் பெயரில் மொழிபெயர்த்து 1907இல் வெளியிட்டனர். கைம்பெண் மறுமணத்தைப் பேசும் நாவல் அது. அது வெளிவந்த ஆண்டிலேயே விநோதினி பிறந்தார்.

இத்தகைய வீட்டில் பிறந்த குழந்தைக்குக் கல்வி எளிதாகவே கிட்டியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மைதான். ஆயினும் பெரியோர் நிழலில் வளரும் செடிக்கும் ஒரு தொல்லை உண்டு. தனக்கென ஒரு வெளிச்சத்தை அது தேடியாக வேண்டும். விநோதினி அதனைத் தேடிய ஆண்டாக 1928ஐக் கூறலாம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே மகள் பட்டம் பெற்றார். ‘ரசத்வார்’ என்னும் முதற் கட்டுரை நூலும் வெளிவந்தது. பின்னர் அமெரிக்கா சென்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1930இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். கடல் கடந்தமைக்காகப் பாட்டனார் சாதி விலக்குப் பெற்று எழுபது ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே கடலைப் பேத்தி கடந்து படித்துத் திரும்பினார்!

தாயகம் திரும்பியவர் அகமதாபாத்தில் பெண்கள் பள்ளிகளில் தலைமைப் பொறுப்பேற்றுப் பணியாற்றினார். ‘குஜராத் சமாசார்’ நாளிதழில் ‘கர் கர்னீ ஜ்யோத்’, அதாவது வீடுதோறும் விளக்கு, என்னும் பகுதியை நெடுங்காலம் எழுதி வந்தார். குடும்பம், குழந்தை வளர்ப்பு, இல்லற உறவுகள் ஆகியவையே அவற்றின் பொருள். அக்கட்டுரைகள் பின்னர்ப் பல பாகங்களாக நூல் வடிவம் பெற்றன. மேலைநாட்டுப் பட்டம் பெற்ற ஒருவர் இல்லத்தரசியர்க்கு எழுதுவதைத் தகுதிக் குறைவாக எண்ணவில்லை என்பது நம் கல்லூரி மாணவியர் கருதத்தக்கது.

‘கதலீவன்’ என்னும் நாவலை அவர் 1946இல் வெளியிட்டார். கதலி என்னும் சொல் நமக்கும் உரியதே. எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை சிறுகதைகளே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அவற்றுள்ளும் ‘தரியாவ் தில்’, அதாவது கடல் போன்ற உள்ளம், என்னும் கதை தனித்து நிற்பது.

காந்தி மடியா இயக்கத்தில் 1979இல் வெளிவந்த ‘காசீனோ தீக்ரோ’, காசியின் மகன், என்னும் திரைப்படம் இக்கதையைத் தழுவியதே. காசி என்பவள் தன் கணவனின் தம்பியைக் குழந்தைப் பருவம் முதல் மகனைப் போல் வளர்க்கிறாள். அவனுக்கு மணமும் செய்விக்கிறாள். மணமான கையோடு அவன் மாள்கிறான். கைம்பெண்ணாகி நிற்கும் அவ்விளம்பெண், தன் குற்றம் ஏதுமின்றிக் கருவுறுகிறாள். ஊர் அறிந்தால் அவளுக்கு வாழ்வில்லை. அந்நிலையில் காசி அவளைத் தூற்றவில்லை, துரத்தவில்லை. தானே கருவுற்றதாக உலகிற்குக் காட்டி, பிறந்த மகவைத் தன் மகனாக ஏற்கிறாள்.

பாட்டனாரின் நாவலில் ஒரே கூரையின் கீழ் ஒரு பெண்ணே மற்றொரு பெண்ணுக்குப் பகையாகிறாள். பேத்தியின் கதையிலோ மாமியார் நிலையில் நிற்கும் மூத்தவளே இளையவளுக்கு அரணாகிறாள். பாட்டனார் பெயரால் அகமதாபாத்தில் நிறுவப்பெற்ற அனாதை இல்லப் பணியில் அம்மையாரின் பெற்றோர் இருவரும் ஈடுபட்டிருந்தனர். தாய் இன்னாரென்று சொல்லப்படாத பச்சிளங் குழந்தைகளைப் பற்றிய பேச்சு அவ்வீட்டில் இளமை முதலே அவர் செவியில் விழுந்திருக்கும் என்றும், காசியின் உள்ளம் அங்கிருந்தே உருப்பெற்றது என்றும் கருத இடமுண்டு. ஊரார்க்கு அஞ்சி விடப்பட்ட குழந்தைகளுள் ஒன்றையேனும் ஏட்டிலாவது ஒரு வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்று அவர் எண்ணினார் போலும்.

தாயார் வித்யாகௌரி 1958இல் மறைந்தார். மகள் விநோதினி 1987ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், எண்பதாம் அகவையில், இயற்கை எய்தினார். அதற்கு எட்டாண்டுகள் முன்னரே காசி வெண்திரையில் தன் மகனை மடியில் ஏந்திவிட்டாள்.