சிங்காரவேலரின் முதுமை

வாலிபத்தில் புரட்சி பேசுகிறவன் வயது ஏற ஏறச் சொத்துக்கும் சட்டத்துக்கும் காவலனாகி விடுகிறான் என்பது நம் ஜனங்களிடையே வேரூன்றிய அபிப்பிராயம். சமீபத்தில் அரியலூரில் நாம் சந்தித்த தொண்டர் சிலரும் இதையே சொன்னார்கள். நாற்பதைக் கடந்த வக்கீலாகிய நம்மிடம் அதைச் சொன்னதில் சற்றுக் குத்தலும் இருந்தது. ம. சிங்காரவேலரின் சரித்திரத்தை அவர்களுக்கு நினைவூட்டினோம்.

1860-ல் சென்னையில் மீனவர் குலத்தில் பிறந்த அவர், நாற்பத்தேழாம் வயதில் வக்கீல் பட்டம் பெற்று ஹைகோர்ட்டில் தொழில் நடத்தினார். கடற்கரைச் சாலையில் வீடு. வீடு நிறையப் புத்தகங்கள். புத்தர் பெருமானின் தர்மத்தில் ஈடுபட்டு, மகாபோதி சங்கக் கூட்டங்களைத் தம் இல்லத்திலேயே நடத்தி வந்தார். அந்நாளில் அவரைப் பார்த்தவர், கண்ணியமான ஒரு சமூகச் சீர்திருத்தக்காரர் என்றே எண்ணியிருப்பார்.

ஒத்துழையாமை இயக்கம் பிறந்தது. 1921-ல் தமது வக்கீல் அங்கியை நெருப்பிலிட்டுத் தொழிலைத் துறந்தார். அப்போது வயது அறுபத்தொன்று! மகாத்மாவிடம் பக்தி கொண்டவராயினும், சௌரி சௌராவுக்குப் பின் இயக்கம் நிறுத்தப்பட்டதை அவர் ஒப்பவில்லை. வெள்ளையன் போன பின்பு நிலமும் ஆலையும் யாருடையவை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1922-ல் கயா காங்கிரஸில் தம்மைப் பொதுவுடைமைக்காரர் என்றே பிரகடனம் செய்தார். அடுத்த ஆண்டு மே முதல் தேதியன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி, தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் துவக்கினார். 1925-ல் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மகாநாட்டுக்கு அவரே தலைவர். அவருடைய பொருளாதார முடிவுகள் யாவும் நமக்குச் சம்மதமல்ல. ஆயினும் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. இன்றும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் சூழ்ந்த அரியலூரில் அதை விளக்க வேண்டியதில்லை.

1928-ல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பட்டறைகளைத் திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றி, அச்சாக்கில் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பக் கம்பெனி முற்பட்டதே காரணம். ஊர் ஊராகச் சென்று தொழிலாளரைத் திரட்டியவர்களில் இந்தக் கிழவரும் ஒருவர். ஜூலை மாதத்தில் ரயில்கள் நின்றன. சர்க்கார் அடக்குமுறையை அவிழ்த்துவிட்டது. வேலைநிறுத்தம் முறிந்தது. அறுபத்தெட்டு வயதான அவருக்குச் செஷன்ஸ் கோர்ட்டு விதித்த தண்டனை பத்து ஆண்டு! மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1930-ல் வெளியே வந்தார். எழுபது வயதில், உடல் தளர்ந்து, சிறைவாசமும் அனுபவித்தவர் இனிச் சாய்வு நாற்காலியை நாடுவாரென்றே அநேகர் எதிர்பார்த்திருப்பர். அவரோ ஈரோட்டுப் பெரியாருடன் சேர்ந்து சமதர்மத் திட்டம் வகுத்தார். குடி அரசில் விஞ்ஞானமும் பொருளாதாரமும் எளிய தமிழில் எழுதினார். ஒரு காலத்தில் தர்மத்தைத் தேடியவர், முதுமையில் கடவுள் மறுப்புக்கே வந்து சேர்ந்தார். மரணம் நெருங்க நெருங்க மனிதன் கோயிலை நாடுவான் என்ற வழக்கமும் அவரிடம் பலிக்கவில்லை.

எல்லோரும் அப்படியல்ல. வக்கீல் தொழிலை உதறிய ராஜாஜி, 1938-ல் விவசாயிகளின் கடன் பளுவைக் குறைக்கச் சட்டம் செய்தவர். அவரே 1959-ல், எண்பதாம் வயதில், சர்க்காரின் பொருளாதாரத் தலையீட்டை எதிர்க்கச் சுதந்திராக் கட்சியைக் கண்டார். அதையும் தளர்ச்சி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் புதுக்கட்சி துவக்குவது சௌகரியத்தை நாடுகிறவர் காரியமல்ல.

சிங்காரவேலர் 1946 பிப்ரவரி 11-ல் காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது.