ராஜேந்திர சோழன்: கடாரத்தில் கட்டியது என்ன, எடுத்துப் போனது என்ன?

பாக்கார் ஆராங்கில் காரை எடுத்து, பீடோங் தாண்டி மெர்போக் பக்கம் போனால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு வந்துவிடும். பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவையாவது உங்களை அங்கே கூட்டிப் போயிருப்பார்கள். குனோங் ஜெராய் அடிவாரத்தில் ஓர் அருங்காட்சியகம், பக்கத்திலேயே பாறைகளில் இறங்கி ஓடும் ஆறு, கூரையில்லாத கல் மேடைகள். மலாயில் சண்டி என்று சொல்லும் அந்த மேடைகளின் படம் வாட்ஸ்ஆப் குழுவில் வந்தால், இதெல்லாம் நம்ம ராஜேந்திர சோழன் கட்டியது என்று ஒரு வரியும் கூடவே வந்துவிடும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். அவர் கட்டவில்லை. அவருடைய படை இங்கே வந்தது உண்மை. வந்து அடித்தது, அள்ளியது, திரும்பிப் போனது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தப் படையெடுப்புக்கு முன்னாலும் பின்னாலும் கடாரத்துக்கும் சோழ நாட்டுக்கும் இடையே நடந்தது என்ன என்று பார்த்தால், வாட்ஸ்ஆப் வரியைவிட அது ரொம்பவே சுவாரஸ்யமானது.

யார் இந்த ராஜேந்திரன்?

‘பொன்னியின் செல்வன்’ படத்தில் வரும் அருள்மொழிவர்மன் நினைவிருக்கிறதா? அவர்தான் பின்னாளில் முதலாம் ராஜராஜன். அவருக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை இவர். இயற்பெயர் மதுராந்தகன். ஆடித் திருவாதிரையை அவர் பிறந்த நாளாகத் தமிழ்நாட்டில் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

1012-இல் அப்பாவோடு சேர்ந்து ஆளத் தொடங்கினார். 1014-இலிருந்து தனி அரசர். அதற்கு முன்பே அனுபவப்பட்ட படைத்தலைவராக இருந்தவர். அந்த அனுபவம் எப்படிப்பட்டது என்பதை எதிர்த் தரப்பிலிருந்து கேட்டால் காது கூசும். 1007-ஆம் ஆண்டைச் சேர்ந்த, கர்நாடகத்தின் ஹொட்டூரில் உள்ள சாளுக்கியர் கல்வெட்டு, சோழர் படை நாட்டைச் சூறையாடியதையும் பெண்களையும் குழந்தைகளையும் விட்டுவைக்காததையும் சொல்கிறது. இலங்கையின் சூளவம்சம், புத்த மடங்கள் உடைக்கப்பட்டதையும் பொன் சிலைகள் பறிபோனதையும் பதிவு செய்கிறது. அந்நாட்டு அரசர் ஐந்தாம் மகிந்தனை 1017 வாக்கில் பிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அங்கேயே அவர் இறந்தார்.

எதிரிகள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள், சரி. ஆனால் நம்ம ஆள் என்பதற்காக இந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் போக முடியாது. கடாரத்துக்கு வந்ததும் இதே படைதான்.

சண்டைக்கு முன்னால் ஒரு நட்பு

இனி கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆனைமங்கலம் என்ற ஓர் ஊரின் கதை இது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கடாரம், ஸ்ரீவிஜயம் இரண்டையும் சைலேந்திர வம்சத்து அரசர்கள் ஆண்டார்கள். பௌத்தர்கள். அவர்களில் சூளாமணிவர்மன் என்பவரின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை எழுந்தது. அதைக் கட்டி முடித்தது அவருடைய மகன் மாறவிஜயோத்துங்கவர்மன். கெடாவை ஆண்ட பௌத்த அரசர் தமிழ்நாட்டுத் துறைமுகத்தில் விகாரை கட்டுகிறார். இங்கிருந்து போன வணிகர்களுக்கும் பிக்குகளுக்கும் அது ஒரு தாய்வீடு மாதிரி இருந்திருக்கும்.

சைவரான ராஜராஜன் என்ன செய்தார் தெரியுமா? 1006 வாக்கில் அந்த விகாரையின் செலவுக்கு ஆனைமங்கலத்து வருமானத்தையே எழுதி வைத்தார். ஆண்டுக்குச் சுமார் 8,900 கலம் நெல். எல்லையைக் குறிக்க ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியே எல்லை என்று முடிவு செய்தார்கள். ராஜராஜன் மறைந்த பிறகு, அப்பா கொடுத்த கொடை அழியக்கூடாது என்று அதைச் செப்பேட்டில் வெட்டச் செய்தது யார்? மகன் ராஜேந்திரன்தான். மொத்தம் 21 ஏடுகள். ஐந்தில் சமஸ்கிருதம், பதினாறில் தமிழ். ஏடுகளைக் கோத்த வளையத்தில் ராஜேந்திரனின் முத்திரை இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் அவை நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போனதால், வரலாற்றில் லைடன் செப்பேடுகள் என்றே பெயராகிவிட்டது.

இந்தப் பக்கமிருந்தும் கொடை போனது. ராஜேந்திரனின் ஆட்சித் தொடக்கத்தில், நாகப்பட்டினம் சிவன் கோயிலுக்குக் கடாரத்து அரசரின் பிரதிநிதிகள் நகைகளும் வெள்ளி விளக்கும் சீனப் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோயில் கல்வெட்டுகளே இதைச் சொல்கின்றன. பௌத்த அரசர் சிவன் கோயிலுக்குக் கொடுக்கிறார். சைவ அரசர் புத்த விகாரைக்குக் கொடுக்கிறார். கொடுக்கிற பொன்னோ சீனாவிலிருந்து வந்தது.

1025: அப்புறம் ஏன் அடித்தார்?

நல்ல கேள்வி. அறிஞர்கள் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஆனால் அடிக்கடி சொல்லப்படும் காரணம் வணிகம். சீனாவின் சோங் அரசவைக்குச் சோழர் தூதுக்குழு 1015-இல் போய்ச் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போகும் கப்பல்கள் மலாக்கா நீரிணையைத் தாண்டியாக வேண்டும். அதன் வாசலில் உட்கார்ந்திருந்தது ஸ்ரீவிஜயம். வடக்கு வாசல் கடாரம். சுமார் 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைதான் வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிகளுக்குக் கரை வந்துவிட்டது என்று சொல்லும் அடையாளம். இடையில் நின்று லாபம் பார்த்தவர்களுக்குச் சோழர்கள் நேராகச் சீனாவோடு பழகுவது பிடித்திருக்காது. சோங் அரசவை சோழர்களை ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவர்கள் என்று தவறாகக் குறித்து வைத்திருந்தது. அப்படி ஓர் எண்ணம் அங்கே எப்படிப் போனது என்று யோசித்துப் பாருங்கள்.

கம்போடிய அரசர் ராஜேந்திரனுக்கு ஒரு தேரைப் பரிசாக அனுப்பி நட்பு தேடியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. இந்த வட்டாரத்து அரசியலில் சோழர்களுக்கு ஏற்கெனவே பங்கு இருந்திருக்கிறது.

1025-இல் கடற்படை கிளம்பியது. ராஜேந்திரனே கப்பலேறி வந்தாரா? திருவாலங்காட்டுச் செப்பேட்டின்படி, கடல் கடந்து கடாரத்தை வென்றது அவருடைய படை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, படை தாக்கிய ஊர்களை வரிசையாக அடுக்குகிறது. ஸ்ரீவிஜயம், சுமத்ராவின் பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று போய், கடைசியில் கடாரம். தலைத்தக்கோலம் இன்றைய தாய்லாந்தின் தக்குவாபா பகுதி என்றும், மாநக்கவாரம் நிக்கோபார் என்றும் பெரும்பாலோர் சொல்கிறார்கள். கடாரத்து அரசர் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததும், அவருடைய யானைகளையும் பொருள் குவியலையும் வித்யாதர தோரணம் என்ற அலங்கார வாயிலையும் கைப்பற்றியதும் அதில் இருக்கின்றன. எத்தனை கப்பல், எத்தனை பேர் செத்தார்கள் என்றெல்லாம் அதில் கிடையாது. வெற்றிக் கல்வெட்டு எப்போதும் அப்படித்தான்.

படை இங்கே தங்கி ஆட்சி நடத்தவில்லை. மூன்றே ஆண்டில், 1028-இல், ஸ்ரீவிஜயத்தின் தூதுவர்கள் மறுபடியும் சீனாவில் நிற்கிறார்கள். ராஜேந்திரனுக்குக் கடாரங்கொண்டான் என்ற பட்டம் கிடைத்தது. 2019-இல் விக்ரம் நடிப்பில் அந்தப் பெயரில் ஒரு படம் வந்ததே, கதையும் மலேசியாவில்தான் நடக்கும். மற்றபடி அதற்கும் சோழருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

அப்போ, பூஜாங்கைக் கட்டியது யார்?

பல நூற்றாண்டுகளாக இங்கே வந்துபோன வணிகர்களின் காசு, இந்த மண்ணின் கைகள். புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் பொறித்த கல் ஒன்றை 1834-இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்தார். அது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ராஜேந்திரன் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முந்தியது! இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங் இந்தியா போகும் வழியில் கெடாவில் இறங்கியிருக்கிறார். தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. சுங்கை பத்துவில் கிடைத்த இரும்பு உருக்கிய உலைகளும் சோழப் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை.

அருங்காட்சியகத்தின் மேல் பக்கத்தில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டியை அடுத்த தடவை நின்று பாருங்கள். ராஜேந்திரன் காலத்தை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ கட்டியது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 1936-37-இல் குவாரிச் வேல்ஸ் தம்பதி தோண்டிப் பார்த்தார்கள். 1960 வாக்கில் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். கருவறை, முன்னால் மண்டபம் என்ற அமைப்பு நம்மூர்க் கோயில் போலத் தெரியும். ஆனால் தஞ்சாவூர் மாதிரி வானத்தைத் தொடும் கல் விமானம் அங்கே கிடையாது. தூண் நிற்கும் குழிகளைக் கல்லில் செதுக்கி, அதன்மேல் மரத் தூணும் இலேசான கூரையும் வைத்திருக்கிறார்கள். மழை கொட்டும் ஊருக்கு ஏற்ற, மரவேலை தெரிந்த ஆட்கள் கட்டிய கோயில். யோசனை கப்பலில் வந்தது, கட்டிய முறை உள்ளூருடையது.

இந்தக் கோயில்களில் ராஜேந்திரன் பெயர் பொறித்த கல்வெட்டு எதுவும் இல்லை. நீங்கள் அவருடைய போர்வீரர்களின் வம்சம் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கெடாவில் ரப்பர் வெட்ட வந்த உங்கள் கொள்ளுத்தாத்தா, பெரும்பாலும் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, லயத்துக்கு வந்திருப்பார். அதே நாகப்பட்டினம். சோழர் கப்பல்களும் கடாரத்துக் கொடைகளும் வந்துபோன கடல்வழியில்தான் அவரும் வந்தார். எந்த அரசரும் அனுப்பி வரவில்லை.

கங்கை நீரும் கடைசி நாட்களும்

கடாரத்துக்கு முன்பே அவருடைய படை கங்கை வரை போய்த் திரும்பியிருந்தது. கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவந்து சோழகங்கம் என்ற பெரிய ஏரியில் கலந்தார்கள். வெற்றித்தூணைக் கல்லால் நடாமல் நீரால் நட்டதாக அதைச் செப்பேடு வர்ணிக்கிறது. தலைநகரைத் தஞ்சையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினார். அங்கே அவர் கட்டிய கோயில் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. போரில் எடுத்துவந்த கலிங்கத்துச் செம்மணற்கல் சிற்பங்களைப் பக்கத்துக் கிராமமான செங்கமேட்டில் இன்றும் பார்க்கலாம். வேற்று நாட்டுக் கலை சோழ மண்ணுக்கு இப்படியும் வந்து சேர்ந்தது.

1044-இல் ராஜேந்திரன் இறந்தார். தொண்டை நாட்டின் பிரம்மதேசத்தில் உள்ள கல்வெட்டு, அவரோடு அரசி வீரமாதேவியும் உயிர்விட்டதைச் சொல்கிறது. அரசியின் சகோதரர் அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடை எழுதிவைத்தார். இறந்த இருவருக்கும் தாகம் தீர வேண்டுமாம். கங்கையையே கொண்டுவந்தவருக்கு, கடைசியில் ஒரு தண்ணீர்ப் பந்தல்.

மறுபடியும் ஆனைமங்கலம்

ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் 1068 வாக்கில், உதவி கேட்டு வந்த அரசருக்காகக் கடாரத்தை வென்று அவருக்கே திருப்பிக் கொடுத்ததாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார். பின்னாளில் பட்டத்துக்கு வந்தவர் முதலாம் குலோத்துங்கன், ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். 1090-இல் கடாரத்து அரசரின் தூதுவர்கள் அவரிடம் வந்தார்கள். கேட்டது என்ன? நாகப்பட்டினம் விகாரைக்குச் சொந்தமான ஊர்களின் வரிவிலக்கு. குலோத்துங்கன் கொடுத்தார். அதுவும் செப்பேட்டில் ஏறி, பின்னாளில் லைடனுக்கே போனது. தாத்தாவின் படை சூறையாடி 65 ஆண்டு ஆகியிருந்தது. விகாரையில் அப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த விகாரையின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867-இல், ஆங்கிலேய அரசின் அனுமதியோடு, ஏசு சபைப் பாதிரியார்கள் இடித்தார்கள். நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர் சிலைகள் மட்டும் மூன்றரை நூறு அளவில் இருக்கும். பலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இந்தக் கரையிலும் ஒன்று போனது. சுங்கை பத்து தோட்டத்து நிலத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டியை, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டார்கள். 2013 டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. அந்த நிலம் தனியாருடையது, அரசிதழில் பதிவாகாதது. கற்கள் அங்கேயே குவிந்து கிடந்தன.