கை நழுவிய அம்மோனியா

இரசாயனம் பயிலும் நம் சங்கத்து நண்பர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் லெ சாட்லியரின் விதியைச் சொல்வார்கள். சமநிலையில் இருக்கும் ஒன்றின்மீது ஒரு மாறுதலைச் சுமத்தினால், அம்மாறுதலைத் தணிக்கும் பக்கமாக அது நகரும் என்பதே அவ்விதி. பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த மனிதர் யார் என்று கேட்டால் மௌனந்தான் பதில். அந்த மௌனத்தைச் சற்றே கலைக்க விரும்புகிறேன். இலக்கியம் பயிலும் நண்பர்களும் அஞ்சாமல் படிக்கலாம். சமன்பாடு ஒன்றுகூட எழுதமாட்டேன்.

ஆன்றி லூயி லெ சாட்லியர் 1850 அக்டோபர் 8ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற பொறியியலார். பிரான்சின் ரயில் பாதைகளிலும் எஃகு, அலுமினியத் தொழில்களிலும் அவர் பங்கு பெரிது. தாயாரோ கண்டிப்பு மிக்கவர். மகன் பாலிடெக்னிக் கல்லூரியில் 1869இல் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பிரஷ்யாவுடன் போர் மூள, படிப்பு தடைப்பட்டது. பின்னர்ச் சுரங்கக் கல்லூரியில் பயின்று, சில காலம் சுரங்கப் பொறியியலாராய் இருந்து, 1877இல் அக்கல்லூரிக்கே ஆசிரியராய்த் திரும்பினார்.

அவர் ஆராய்ந்தவை யாவும் தொழிற்சாலை வாசலிலிருந்து வந்த கேள்விகளே. சிமெண்டு நீர் பட்டதும் ஏன் கல்லாக இறுகுகிறது? உலையின் கடுஞ்சூட்டை எதைக்கொண்டு அளப்பது? நிலக்கரிச் சுரங்கத்தில் சேரும் வாயு எவ்வாறு தீப்பற்றி வெடிக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை மலார் என்ற அறிஞரோடு சேர்ந்து பல்லாண்டு ஆராய்ந்தார். இதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வேலை இருக்கிறது.

1884இல் அவர் தம் விதியை வெளியிட்டார். அழுத்தத்தைப் பொறுத்தவரை அது சொல்வதை ஒரு கோலி சோடாவே விளக்கிவிடும். அழுத்தத்தால் நீருக்குள் அடங்கியிருந்த வாயு, கோலி உள்ளே இறங்கி அழுத்தம் குறைந்ததும் பொங்கி வெளியேறுகிறது. மீள்வினைகளிலும் இவ்வாறே. இரு திசையிலும் நடக்கும் ஒரு வினையில் வாயுக்களை நெருக்கினால், எந்தப் பக்கத்தில் வாயு மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைவோ, அந்தப் பக்கம் சமநிலை சாயும். கூட்டம் மிகுந்த ரயில் பெட்டியில் நாம் ஒடுங்கி உட்காருவது போலத்தான். இரு பக்கமும் எண்ணிக்கை சமமாயின், எவ்வளவு நெருக்கினாலும் சாய்வு இராது.

இஃது அறியாமல் மக்கள் பட்ட செலவு கொஞ்சமன்று. இரும்பு உருக்கும் ஊதுலையின் உச்சியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வீணாய் வெளியேறுவதைக் கண்டார்கள் அக்காலத்து உலை முதலாளிகள். தாதுவோடு அவ்வாயு கூடியிருக்கும் நேரம் போதவில்லை என்று கருதி, உலைகளை உயர்த்தினார்கள். இங்கிலாந்தில் 30 மீட்டர் வரை உயர்ந்தன. வெளியேறிய வாயுவின் விகிதமோ குறையவில்லை. அந்த வினை மீள்வினை. சமநிலையை எட்டியபின் உலையை வானளாவக் கட்டினாலும் பயனில்லை என்று லெ சாட்லியர் எடுத்துக்காட்டினார். ஆக்சைடிலிருந்து இரும்பைப் பிரிக்கும் அவ்வினையில் இரு புறமும் வாயு மூலக்கூறுகள் சம எண்ணிக்கையில் இருப்பதால், அழுத்தமும் அங்கே உதவாது.

அழுத்தம் பெரிதும் உதவும் இடம் அம்மோனியா. ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடி, இரண்டு பங்கு அம்மோனியா ஆகின்றன; நான்கு இரண்டாய்ச் சுருங்குகிறது. பின்னாளில் அளந்து கண்ட கணக்கைப் பாருங்கள்: 500 டிகிரி வெப்பத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தில் சமநிலையில் கிடைக்கும் அம்மோனியா நூற்றுக்கு 0.13 பங்குதான், அதே வெப்பத்தில் அழுத்தத்தை 200 மடங்காக்கினால் 17.6 பங்கு! காற்றில் கொட்டிக் கிடக்கும் நைட்ரஜனை வயலுக்கு உரமாக்கும் வழி இதில் இருந்தது. விதியைக் கண்டவருக்கு இது விளங்காமல் போகுமா?

1901இல் அவரே முயன்றார். எஃகுக் கலத்துக்குள் இரு வாயுக்களையும் 200 வளிமண்டல அழுத்தத்தில் செலுத்தி, இரும்பை வினையூக்கியாக வைத்து, 600 டிகிரிக்குச் சூடேற்றினார். கலம் பயங்கரமாய் வெடித்தது. உதவியாளர் ஒருவர் உயிர் பிழைத்ததே அரிது. ஆராய்ந்து பார்த்ததில், கருவிக்குள் காற்று கலந்திருந்ததே காரணம் என்று தெரிந்தது. ஹைட்ரஜனோடு காற்றின் ஆக்சிஜன் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? சுரங்க வெடிப்புகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவரின் கூடத்திலேயே இது நிகழ்ந்தது. அவர் அம்முயற்சியைக் கைவிட்டார்.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. 1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹாபர், ஏறக்குறைய அதே அழுத்தத்தில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாய் எடுத்துக் காட்டினார். கார்ல் போஷின் உழைப்பால் 1913இல் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு உலகப் போர். சிலி நாட்டு வெடியுப்பு ஜெர்மனிக்குச் செல்லாதபடி பிரிட்டிஷ் கடற்படை தடுத்தது. அக்குறையை ஈடுசெய்ய, வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரிக் அமிலத்தை ஜெர்மனி அம்மோனியாவிலிருந்தே செய்துகொண்டது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஏறக்குறையத் தொட்டுவிட்ட பொருள், பிரெஞ்சுப் படைகளின்மீது குண்டாய் வந்து விழுந்தது.

அவர் கோழைபோல் விலகினார் என்று சிலர் எளிதாய்ச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தம்மை நம்பி நின்ற ஓர் ஆள் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டபின், கை தயங்குவது மனித இயல்பு. ஆனால் ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகிறது. வெடித்த காரணம் தெரிந்துவிட்டது. காற்றை நீக்குவது செய்ய முடியாத காரியமும் அன்று. பிழை விதியில் இல்லை, குழாயில்தான் என்று அறிந்த பிறகும், அவர் அக்கலத்தின் பக்கம் திரும்பவில்லை. தம் ஆராய்ச்சி வாழ்வின் மிகப் பெரிய தவறு அதுவே என்று முதுமையில் அவரே வருந்தினார்.

மற்றபடி அவருக்குச் சிறப்புகள் குறைவின்றி வந்தன. 1907இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் இடமும், அடுத்து ஸோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியும் கிடைத்தன. நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1918ஆம் ஆண்டுக்குரிய பரிசு ஹாபருக்கும், 1931இல் உயர் அழுத்த முறைகளுக்கான பரிசு போஷுக்கும் பெர்கியுஸுக்கும் சென்றதை அவர் இருந்து கண்டார். 1936 செப்டம்பர் 17ஆம் நாள், தம் 85ஆம் வயதில் காலமானார்.