மேலவையிலிருந்து மலைவழிக்கு: பாப்லோ நெரூதா

நெரூதாவின் காதற் கவிதைகளை நம் வட்டத்துக் கூட்டங்களில் பலமுறை படித்திருக்கிறோம். அவருடைய நோபல் பரிசையும் அறிவோம். ஆனால் அவர் சிலி நாட்டின் மேலவையில் மூன்றாண்டுக் காலம் அமர்ந்தவர் என்பதும், அந்த இருக்கை தந்த காப்பு நீக்கப்பட்டபின் சொந்த மண்ணிலேயே 13 மாதம் ஒளிந்து வாழ்ந்தவர் என்பதும் நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கவிஞர்கள் கூடியிருக்கும் ஒரு மலரில் அந்தப் பகுதியை விரித்துச் சொல்வது தகும் என்று கருதுகிறேன்.

1904 ஜூலை 12இல் பார்ரால் என்னும் ஊரில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ரிக்கார்தோ நெஃப்தாலி ரேயெஸ். பிறந்த சில வாரங்களில் தாய் காசநோயால் இறந்தார். தந்தை இரயில்வேத் தொழிலாளி. மகன் கவிதை எழுதுவதை விரும்பாதவர். அதனால் பையன் பதின்பருவத்திலேயே பாப்லோ நெரூதா என்ற புனைபெயருள் ஒளிந்துகொண்டார். முதல் தலைமறைவு அது. 1924இல் வந்த இருபது காதற் கவிதைகள் இருபது வயதுக்குள் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. 1927இல் தூதரகப் பணி பெற்று இரங்கூன் சென்றார். 1929இல் கொழும்பு வந்தார்.

அந்தக் கொழும்புக் காலத்தைத் தமிழர்களாகிய நாம் வேகமாகத் தாண்டிச் செல்லலாகாது. வெள்ளவத்தையில் அவர் தங்கியிருந்த வீட்டின் கழிவறையைத் துப்புரவு செய்ய நாள்தோறும் ஒரு தமிழ்ப்பெண் வந்தார், சாதியால் ஒடுக்கப்பட்டவர். அப்பெண்ணின் இசைவின்றி அவரைத் தாம் வன்புணர்ந்ததை நெரூதாவே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அந்நூல் அவர் இறந்தபின் 1974இல் வெளிவந்தது. பல ஆண்டுகள் அந்தப் பக்கம் பெரும்பேச்சாகவில்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முனைந்தபோது சிலி நாட்டுப் பெண்களே அந்தப் பக்கத்தை எடுத்துக்காட்டி எதிர்த்து நின்றனர். அப்பெண்ணின் பெயரை அவர் பதியவில்லை. இக்கட்டுரை கைதினின்று காக்கும் உரிமையைப் பற்றியது. எந்தக் காப்பும் இல்லாத ஒருவர் இவ்வரலாற்றில் இருக்கிறார் என்பதை மறைத்து மேலே எழுத என் கை வரவில்லை.

ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போர் அவரை அரசியலுக்குள் இழுத்தது. 1936இல் அவர் நண்பர் கார்சியா லோர்காவைச் சுட்டுக் கொன்றார்கள். 1939இல் ஏறத்தாழ 2,000 ஸ்பானிய அகதிகளை விண்ணிப்பெக் என்ற கப்பலில் சிலிக்கு அனுப்பிவைத்தார். 1945 மார்ச்சில் வடக்கே தாராபாக்கா, அந்தோஃபகாஸ்தா மாநிலங்களின் சார்பில் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெடியுப்பும் செம்பும் தோண்டும் பாலைநிலத் தொழிலாளர்களின் வாக்கு அது. அதே ஆண்டு ஜூலையில் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்.

1946இல் கப்ரியேல் கொன்சாலெஸ் விதேலா அதிபர் பதவிக்கு நின்றார். கம்யூனிஸ்டுகள் அவரை ஆதரித்தனர். பரப்புரைப் பொறுப்பை ஏற்றவர் நெரூதாதான். வென்ற அதிபர் தொடக்கத்தில் மூன்று கம்யூனிஸ்டுகளை அமைச்சராக்கினார். சில மாதங்களில் வெளியேற்றினார். 1947 அக்டோபரில் லோத்தா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இராணுவத்தை அனுப்பினார். பிடிபட்டவர்கள் பலர் வடபாலையின் கடலோரத்திலுள்ள பிசாகுவா என்னும் ஊரில் அடைக்கப்பட்டனர். அந்த ஊர் நெரூதாவுக்கு வாக்களித்த தாராபாக்கா மாநிலத்திலேயே உள்ளது. உள்நாட்டு ஏடுகள் தணிக்கையின்கீழ் இருந்தன. ஆகவே நெரூதா ஒரு நீண்ட கடிதத்தை எழுதி, வெனிசுவேலாவின் கராக்காஸ் நகரில் வெளிவரும் எல் நாசியோனால் ஏட்டுக்கு அனுப்பினார். நவம்பர் 27இல் அது அச்சாயிற்று. அதிபரை வாக்குத் தவறியவர் என்று உலகறியச் சொல்லிற்று அக்கடிதம்.

இங்கே சட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1925ஆம் ஆண்டுச் சிலி அரசியலமைப்பு அவை உறுப்பினர்க்கு இருவகைக் காப்பளித்தது. தம் பணியின்போது அவர் கூறும் கருத்துக்கும் இடும் வாக்குக்கும் அவர்மீது வழக்கே தொடர முடியாது, இது ஒன்று. கையும் களவுமாகப் பிடிபட்டாலன்றி, மேல்முறையீட்டு நீதிமன்றம் இசைவளிக்காமல் அவரைக் கைது செய்யவோ குற்றவழக்கில் நிறுத்தவோ முடியாது, இது மற்றொன்று. இரண்டாவதை அங்கே ஃபுவேரோ என்பர். அதை நீக்குவது தெசாஃபுவேரோ. முதற்காப்பு சொல்லுக்கு, எக்காலத்துக்கும் உரியது. இரண்டாவது உடலுக்கு, நீதிமன்றம் கதவைத் திறக்கும்வரை மட்டுமே. அவையில் பேசிய பேச்சுக்காக நெரூதாவைத் தொட முடியாது என்பது அதிபருக்குத் தெரியும். கராக்காஸ் கடிதமோ அவைக்கு வெளியே, அயல்நாட்டில் அச்சானது. அதைக் கொண்டே அரச பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க அரசு நீதிமன்றத்தின் இசைவைக் கேட்டது.

நெரூதா செய்தது என்ன? 1948 ஜனவரி 6இல் மேலவையில் எழுந்து, எந்த இடத்தில் தம் சொல்லுக்குக் குறையாத காப்பு இருந்ததோ அந்த இடத்தில் நின்று பேசினார். எமிலி ஸோலாவின் புகழ்பெற்ற கடிதத் தலைப்பையே பின்னாளில் அப்பேச்சுக்கும் இட்டு வழங்கினார்கள். பிசாகுவாவில் விசாரணையின்றி அடைபட்டிருந்த அறுநூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்களை அவைக் குறிப்பில் ஏறும்படி வாசித்தார். கவிஞன் அங்கே அணியலங்காரம் எதுவும் செய்யவில்லை, பெயர்ப்பட்டியல் படித்தான். நான் அறிந்தவரை அவர் வாழ்வில் சொல்லுக்கு அவ்வளவு பயன் விளைந்த நாள் வேறில்லை.

பிப்ரவரி 3இல் உச்ச நீதிமன்றம் காப்பு நீக்கத்தை உறுதிசெய்தது. இரண்டு நாளில் கைதாணை பிறந்தது. அதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

மனைவி தேலியா தெல் காரிலுடன் வீடு வீடாக மாறினார். அடைக்கலம் தந்தவர்களில் முன்பின் அறியாத எளிய குடும்பத்தினரும் இருந்தனர். பகலில் வெளிவர இயலாது. அந்த அடைபட்ட நாள்களில்தான் காந்தோ ஹெனெரால் என்னும் பெருங்காவியத்தின் பெரும்பகுதியை எழுதி முடித்தார். 15 பகுதிகள் கொண்ட அந்நூல் 1950இல் மெக்சிக்கோவில் அச்சேறியது. சிலியில் அதே ஆண்டு மறைவாக அச்சிட்டனர். வெளியே, 1948 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றிக் கம்யூனிஸ்டுக் கட்சியையே அரசு தடைசெய்தது. ஓர் உறுப்பினரின் காப்பைக் களைந்தவர்கள் ஆயிரக்கணக்கானோரின் வாக்குரிமையையும் களைந்தனர்.

1949 மார்ச்சில், தாடி வளர்த்து, பறவையியலாளர் என்ற பொய் அடையாளச் சீட்டுடன், தெற்கே ஆண்டீஸ் மலைக்காடுகளின் ஊடாகக் குதிரையில் புறப்பட்டார். கடத்தல்காரர் மட்டுமே பழகிய வழி. ஆற்று வெள்ளம் அவரைக் கொண்டுபோகப் பார்த்தது. காட்டு வெளியொன்றில் ஒரு காளையின் மண்டையோடு. அதன் கண்குழிகளில் வழிப்போக்கர் காசும் உணவும் இட்டுச் சென்றனர். மலையிடைக் குடிலொன்றில் முகமறியாதவர்கள் தீமூட்டிச் சோறிட்டார்கள். விடியலில் காசு நீட்டியபோது மறுத்துவிட்டார்கள். 22 ஆண்டுகள் கழித்து, 1971இல் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியபோது இலக்கியக் கொள்கை எதனையும் முன்வைத்துத் தொடங்காமல் இந்தப் பயணத்தையே அவர் சொல்லத் தொடங்கினார் என்பது குறிக்கத்தக்கது.

அர்ஜென்டினாவிலிருந்து பாரிசுக்குப் போனது குவாத்தமாலா எழுத்தாளர் மிகேல் ஆங்கெல் அஸ்தூரியாஸின் கடவுச்சீட்டில். இருவருக்கும் உருவ ஒற்றுமை உண்டு. அந்த அஸ்தூரியாஸும் 1967இல் நோபல் பெற்றார்; ஒரே கடவுச்சீட்டில் இரு நோபல் பரிசாளர் பயணம் செய்த விந்தை வேறெங்கும் உண்டோ, அறியேன். நாடு திரும்பியது 1952 ஆகஸ்டில். கட்சியைத் தடைசெய்த சட்டம் 1958இல் நீக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளின் புகழும் பயணமும் நீங்கள் அறிந்தவை. 1973 செப்டம்பர் 11இல் அயெந்தேயின் அரசை இராணுவம் கவிழ்த்தது. 12 நாள் கழித்து, 23ஆம் நாள் நெரூதா சாந்தியாகோ மருத்துவமனையில் காலமானார்.

இராணுவப் புரட்சிக்குத் தலைமை தாங்கிய அகுஸ்தோ பினோசெத், 1948இல் இளம் இராணுவ அதிகாரியாகப் பிசாகுவா முகாமின் காவற்பொறுப்பில் இருந்தவர். நெரூதா அவையில் பெயர் பெயராக வாசித்தவர்களைக் காத்து நின்ற துப்பாக்கிகள் அவருடையவை. 1973இல் அதே பிசாகுவாவை மீண்டும் முகாமாக்கினார். 1990இல் அங்கே புதைகுழி தோண்டி உடல்களை எடுத்தார்கள். தம் ஆட்சியில் இயற்றிய 1980ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி 1998இல் அவர் வாழ்நாள் மேலவை உறுப்பினரானார். ஃபுவேரோவும் உடன் வந்தது.

1973இல் நடந்த கொலைகளுக்காக அவர்மீது வழக்குத் தொடர வேண்டியிருந்தபோது, நெரூதாவுக்குச் செய்த அதே முறைப்படி, சாந்தியாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் அவருடைய காப்பை நீக்கியது. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 14க்கு 6 என்ற வாக்கில் அதை உறுதிசெய்தது. இம்முறை மலைவழியைத் தேடி யாரும் குதிரை ஏறவில்லை. முதுமையால் மனநலம் குன்றியவர் என்று 2001 ஜூலையில் வழக்கை நிறுத்திவைத்தனர்; 2006 டிசம்பரில் தீர்ப்பின்றியே அவர் இறந்தார்.