பாறைக்குள் சுறாப் பல் வந்தது எப்படி? நிலவியலுக்கு விதி எழுதிய பிஷப் ஸ்டெனோவின் கதை!

1666 அக்டோபர். இத்தாலியின் லிவோர்னோ பக்கத்தில் மீனவர்கள் ராட்சதச் சுறா ஒன்றைப் பிடித்தார்கள். விஷயம் டஸ்கனியை ஆண்ட இரண்டாம் ஃபெர்டினாண்டோ டி மெடிசியின் காதுக்குப் போனது. சுறாவின் தலை ஃப்ளாரன்ஸுக்கு வந்து சேர்ந்தது. அதை அறுத்துப் பார்க்கும் வேலை, அங்கே தங்கியிருந்த 28 வயது டென்மார்க் மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் பெயர் நீல்ஸ் ஸ்டென்சென். லத்தீனில் நிக்கோலஸ் ஸ்டெனோ. இன்று பள்ளியில் படிக்கும் பாறை அடுக்குகள் பாடத்துக்கு அந்தச் சுறாத் தலையும் ஒரு காரணம்!

யார் இந்த ஸ்டெனோ?

1638-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர். அப்பா பொற்கொல்லர். லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதிலேயே நீண்ட நாள் நோயில் கிடந்தார், அப்பாவையும் இழந்தார். பிறகு மருத்துவம் படித்தார்.

கடவுளின் படைப்பை நேரில் ஆராயாமல், அடுத்தவர் எழுதியதைப் படித்துத் திருப்திப்படுவது கடவுளுக்கே செய்யும் குற்றம் என்று மாணவனாக இருந்தபோதே குறிப்பேட்டில் எழுதி வைத்தவர் அவர். கடைசிவரை அப்படித்தான் வேலை செய்தார். 1660-ல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்தபோது, கன்னத்துச் சுரப்பியிலிருந்து வாய்க்கு எச்சில் கொண்டுவரும் குழாயைக் கண்டுபிடித்தார். இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு அது 'ஸ்டென்சென் நாளம்'. இதயத்தைப் பற்றி என்னென்னவோ நம்பிய காலத்தில், அது ஒரு தசைதான் என்று காட்டினார்.

நாக்குக் கல் ரகசியம்

சுறாவின் பற்களைப் பார்த்ததும் ஸ்டெனோவுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மால்டா போன்ற இடங்களில் பாறைக்குள் முக்கோண வடிவில் கற்கள் கிடைக்கும். அவற்றை 'நாக்குக் கல்' என்பார்கள். வானத்திலிருந்து விழுந்தவை என்றார்கள் சிலர். பாறைக்குள் தானாக முளைத்தவை என்றார்கள் வேறு சிலர். விஷத்தை முறிக்கும் என்று கழுத்தில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அவை சுறாப் பற்கள்தான் என்று ஸ்டெனோவுக்கு முன்பே சிலர் சொல்லியிருந்தார்கள். ஆனால், கேள்வி அதோடு முடியவில்லை. கடலில் இருக்க வேண்டிய பல், பாறைக்குள் எப்படிப் போனது?

ஸ்டெனோ ஒரு மரத்தின் வேரை வைத்து யோசித்தார். இறுகிய மண்ணில் வளரும் வேர், இடம் கிடைக்காமல் கோணல்மாணலாகத்தான் வளரும். நாக்குக் கற்கள் அப்படி இல்லை. எங்கே கிடைத்தாலும் அச்சு அசலாகப் பல் வடிவம். அப்போ அவை பாறைக்குள் வளரவில்லை. பாறை சேறாக இருந்த காலத்தில் அதில் புதைந்திருக்க வேண்டும். சேறு பிறகு இறுகியிருக்க வேண்டும். 1667-ல் இதை அச்சில் வெளியிட்டார்.

பேப்பர் அடுக்கு போல ஒரு விதி

அதன் பிறகு டஸ்கனியின் குன்று, பள்ளத்தாக்கு எல்லாம் சுற்றி ஆராய்ந்தார். 1669-ல் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அதில் சொன்ன விதிகள் ரொம்ப எளிமையானவை.

ஒன்று, அடுக்கடுக்கான பாறையில் கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. வீட்டு மூலையில் அடுக்கி வைக்கும் பழைய பேப்பர் மாதிரி.

இரண்டு, தண்ணீரில் படியும் மண் கிடைமட்டமாகத்தான் படியும். ஆக, அடுக்கு சாய்ந்து நிற்கிறது என்றால், படிந்த பிறகு ஏதோ நடந்திருக்கிறது.

மூன்று, பள்ளத்தாக்கின் இரு பக்கமும் ஒரே அடுக்கு தெரிந்தால், ஒரு காலத்தில் அது தொடர்ச்சியாக இருந்திருக்கிறது.

கேட்க சாதாரணமாக இருக்கலாம். ஆனால், எழுத்தே இல்லாத காலத்தின் வரலாற்றையும் வரிசைப்படுத்த முடியும் என்று காட்டியது இந்த விதிகள்தான்.

பைபிளோடு மோதலா?

டஸ்கனி இரண்டு முறை தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தது என்பது ஸ்டெனோவின் கணக்கு. அதில் ஒன்றை நோவா காலத்து வெள்ளத்தோடு சேர்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பாறை என்ன காட்டுகிறது, வேதம் என்ன சொல்கிறது, எதில் வேதம் மௌனமாக இருக்கிறது என்று தனித்தனியாகப் பிரித்தே எழுதினார். ஒன்றை இன்னொன்றால் மறைக்கவில்லை.

தவறும் செய்தார். அவர் மனதில் இருந்த உலகத்தின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். அரேட்சோ அருகே தோண்டியெடுத்த பெரிய எலும்புகளை, ஹானிபல் படையோடு வந்த விலங்குகளுடையவை என்று நினைத்தார். அவை அழிந்துபோன பழங்கால யானைகளுடையவை என்பது பின்னால் தெரிந்தது.

அவர் கணக்கைத் திருத்தியதும் அவருடைய விதிதான். 1788-ல் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயின்ட்டில், செங்குத்தாக நின்ற அடுக்குகளுக்கு மேல் வேறு அடுக்குகள் படிந்திருப்பதை ஜேம்ஸ் ஹட்டன் பார்த்தார். முதலில் படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் மறுபடியும் படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? சில ஆயிரம் ஆண்டுகள் போதவே போதாது. இன்றைய கணிப்பில் பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள்.

பாதியில் நின்ற ஆராய்ச்சி

1667-லேயே ஸ்டெனோ கத்தோலிக்கராக மாறியிருந்தார். 1675-ல் பாதிரியார், 1677-ல் ஆயர். ஜெர்மனியின் வட பகுதியில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கர்களைக் கவனிக்கும் பொறுப்பு வந்தது. 1669 புத்தகம் முன்னோட்டம்தான், விரிவான நூல் வரும் என்று சொல்லியிருந்தார். அது வரவே இல்லை. ஹனோவரில் அவரோடு பழகிய தத்துவ அறிஞர் லைப்னிட்ஸுக்கு, நல்ல விஞ்ஞானி ஒருவரை இழந்துவிட்டோமே என்ற வருத்தம் இருந்தது.

ஸ்டெனோவிடம் அப்படி ஒரு வருத்தம் தெரியவில்லை. கையில் இருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கடும் விரதத்தோடு வாழ்ந்தார். 1686-ல் ஷ்வெரின் நகரில், 48 வயதில் இறந்தார். உடல் ஃப்ளாரன்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு, சான் லொரென்சோ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1988-ல் போப் இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார்.

நம்பிக்கை கேள்வி கேட்பதைத் தடுக்கும் என்று இன்று பலரும் நினைப்பதுண்டு. ஸ்டெனோவைக் கேள்வி கேட்க வைத்ததே அவருடைய நம்பிக்கைதான். அந்தக் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களில் சில தவறிப் போயின. பதிலைச் சரிபார்க்க அவர் கொடுத்த வழி இன்றும் நிற்கிறது. அடுத்த முறை மலைச்சாலையில் போகும்போது, வெட்டிய பாறையில் கோடு கோடாக அடுக்குகள் தெரிந்தால், கீழிருந்து மேலாகப் பாருங்கள். எது முதலில் வந்தது என்பது உங்களுக்கே தெரியும்.