ஸர் ஹென்ரி ராய்ஸ்

ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? மன்னரும் செல்வரும் அமர்ந்து செல்லும் ஓசையற்ற பெரிய மோட்டார் வண்டியன்றோ? நம் நாட்டுச் சிற்றரசர் பலர் அவ்வண்டிகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கினர். ஆயினும், அதனைப் படைத்தவர் வறுமையில் வளர்ந்தவர் என்பதையும், பிறர் உபயோகித்த பழைய வண்டி ஒன்றைத் தம் கையாலேயே செப்பனிட முயன்ற முயற்சியிலிருந்தே அது பிறந்தது என்பதையும் அறிந்தோர் சிலரே. அவருடைய சரித்திரத்தைச் சுருங்கக் கூறுதல் நம் மாணாக்கர்க்குப் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

பிரெடரிக் ஹென்ரி ராய்ஸ் 1863-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ந் தேதி, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகேயுள்ள ஆல்வால்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மாவு ஆலை நடத்திவந்த தந்தையார் தொழில் நொடித்து லண்டன் சென்று, 1872-ல் காலமானார். அப்போது ஹென்ரிக்கு வயது ஒன்பது. பள்ளியிற் பயில வேண்டிய பருவத்தில் அவர் செய்தித்தாள் விற்றார். பின்னர்த் தந்திகளை வீடுவீடாகச் சேர்ப்பித்தார். 1878-ல் உறவினளாகிய ஒரு மாது ஆண்டுக்கு 20 பவுன் செலுத்தி, பீட்டர்பரோவிலிருந்த ரெயில்வேப் பட்டறையில் அவரைத் தொழில் பழகச் சேர்த்தாள். மூன்று ஆண்டுகளில் அவ்வுதவி நின்றது. பயிற்சியும் முற்றுப்பெறாமல் நின்றது.

அவரோ மனந் தளர்ந்திலர். லீட்ஸ் நகரிற் கருவி செய்யும் கூலி வேலையில் அமர்ந்தார்; பின்னர் லண்டனில் மின்சாரக் கம்பெனி ஒன்றிற் சேர்ந்து, இரவு வகுப்புகளிற் பயின்றார். 1884-ல், தாம் மிச்சப்படுத்திய 20 பவுனோடு, கிளேர்மான்ட் என்னும் நண்பரைக் கூட்டாளியாகக் கொண்டு, மாஞ்செஸ்டர் நகரத்துக் குக் தெருவிற் சிறு பட்டறை ஒன்று தொடங்கினார். மின்சார மணிகளிற் தொடங்கிய அத்தொழில் டைனமோக்களும் பாரந்தூக்கும் இயந்திரங்களும் செய்யுமளவு வளர்ந்தது.

நாற்பது வயதை அடையுங் காலத்தில், பிரெஞ்சு தேசத்து டெக்கோவில் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார். அதன் ஓசையும் அதிர்வும் அவருக்குப் பொறுக்கவில்லை. வேறொருவராயின் அதனை விற்றொழித்திருப்பர். ராய்ஸோ அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றும் ஏன் தேய்ந்தது, ஏன் ஓசையிட்டது என ஆராய்ந்து திருத்தலானார். இறுதியில் முழு வண்டியையும் தாமே செய்தல் நலம் எனத் துணிந்து, பத்துக் குதிரைச் சக்தியுள்ள வண்டிகள் மூன்று செய்யத் தலைப்பட்டார். அவற்றுள் முதலாவது 1904-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ந் தேதி பட்டறையை விட்டுப் புறப்பட்டது. புதுமை யாதும் அதில் மிகுதியாக இல்லை. எனினும், முன்பிருந்தவற்றையே பழுதறச் செய்த செம்மை அதில் விளங்கிற்று.

அவ்வாண்டு மே மாதம் 4-ந் தேதி, மாஞ்செஸ்டரில் சார்ல்ஸ் ரோல்ஸ் என்பவர் அவரைச் சந்தித்தார். ரோல்ஸ் பிரபு குலத்தில் உதித்தவர், கேம்பிரிட்ஜிற் பயின்றவர், மோட்டார் வண்டி வியாபாரி. தந்தி சுமந்த ஏழைச் சிறுவனும் பிரபுவின் மைந்தனும் ஒரு தொழிலில் இணைந்தனர். 1906-ல் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி நிறுவப்பட்டது. அவ்வாண்டே வெளிவந்த ஆறு சிலிண்டர் வண்டி, பின்னர் வெள்ளி ஆவி எனப் பொருள்படும் ஸில்வர் கோஸ்ட் என்னும் பெயரால் உலகப் பிரசித்தி பெற்றது. 1907-ல் அதனைச் சுமார் 15,000 மைல் ஓட்டிச் சோதித்தனர். தொடக்கத்தில் ஒரு முறை பெட்ரோல் குழாயின் திருகு அதிர்ச்சியால் தானே மூடிக்கொண்டதன்றி, வேறு கோளாறால் வண்டி நிற்கவில்லை. முடிவிற் பிரித்துப் பார்த்து, தேய்ந்த இயந்திர உறுப்புகளைப் புதுப்பிக்க ஆன செலவு இரண்டு பவுனுக்குச் சற்று மிகுதியே!

ஆயினும், இவ்வெற்றிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. வேலை மிகுதியால் உண்பதையும் உறங்குவதையும் மறந்தார். இயந்திரத்தின் மெல்லிய முனகலையும் கேட்டறிந்த அவருடைய செவி, தம் உடலின் முறையீட்டைக் கேட்டிலது. 1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் மாண்டார். மறு ஆண்டு ராய்ஸ் கடும் நோயுற்றார். 1912-ல் பெரிய சஸ்திர சிகிச்சை நடந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் உயிர் வாழ்ந்தாராயினும், டார்பி நகரத்துத் தொழிற்சாலைக்குச் சென்று வேலை செய்ய இயலவில்லை. பிரான்சின் தென்கரையிலும், இங்கிலாந்தில் வெஸ்ட் விட்டரிங் என்னும் கடற்கரைக் கிராமத்திலும் இருந்துகொண்டே படங்கள் வரைந்து அனுப்பி வந்தார். 1919-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தை முதன்முதல் இடையில் நில்லாது கடந்த விமானத்தை இயக்கியவை, அவருடைய ஈகிள் இயந்திரங்களே.

1930-ல் அரசாங்கம் அவருக்குப் பாரோனெட் பட்டம் அளித்தது. அதன் பின்னரும் தம்மை ஓர் இயந்திரத் தொழிலாளி என்றே அவர் எண்ணி வந்தார். 1933-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ந் தேதி வெஸ்ட் விட்டரிங்கில் அவர் உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி, அவர் பிறந்த சிற்றூராகிய ஆல்வால்ட்டனின் தேவாலயத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

ஸில்வர் கோஸ்ட் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவ்வகைப் பழைய வண்டிகளின் உரிமையாளர் பலர், செல்வராயிருந்தும், தம் கையை எண்ணெயில் நனைத்துத் தாமே அவற்றைச் செப்பமாக வைத்திருப்பதைப் பெருமையாகக் கொள்கின்றனர். 1957-ல் இங்கிலாந்தில் தோன்றிய அவ்வண்டி அபிமானிகளின் சங்கம், உரிமையாளர்க்கு அவ்வேலையைக் கற்பித்தும் வருகின்றது. ராய்ஸுக்கு இதனினும் தக்க ஞாபகச் சின்னம் யாது?

கல்வி பெற்றோர் கைத்தொழிலை இழிவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழிந்திலது. தச்சுப் பட்டறையில் வளர்ந்த ஒருவரை ஆண்டவராகத் தொழும் இக்கல்லூரியில் அவ்வெண்ணத்திற்கு இடமேது? பழுதுற்றதை எறிந்துவிடாது, பிரித்து ஆராய்ந்து செம்மை செய்யும் பொறுமையை ராய்ஸிடம் கற்போமாக. உடலும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஓர் இயந்திரமே என்பதை, அவர் அடைந்த துன்பத்திலிருந்து கற்போமாக.