லூயி பாஸ்டரும் ஈஸ்ட்டின் சுவாசமும்

பிரான்ஸ் தேசத்தில் டோல் என்னும் சிற்றூரில், தோல் பதனிடுவோர் ஒருவரின் புதல்வராக 1822-ம் வருஷம் டிஸம்பர் 27-ந் தேதி பிறந்தவர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை கண்ட மகான் என்றே உலகம் அவரைப் போற்றுகிறது. அப்பெருமைக்கு வழிகோலிய ஆராய்ச்சிகளுள் ஒன்று, ஈஸ்ட் என்னும் அற்ப உயிரைப் பற்றியது என்பதை அறிந்தோர் சிலரே.

1856-ல் அவர் லில் நகரத்து விஞ்ஞானக் கலாசாலையின் தலைவராயிருந்தார். பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் இறக்கும் ஆலை முதலாளி ஒருவர், தொட்டிகளில் சாறு கெட்டுப்போவதாக அவரிடம் முறையிட்டார். பூதக்கண்ணாடியில் நோக்கியபோது, நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட்டும், கெட்ட தொட்டியில் கோல் போன்ற வேறு கிருமிகளும் தென்பட்டன. புளித்தல் வெறும் ரசாயனச் சிதைவே என்று ஜெர்மன் பண்டிதர் லீபிக் சாதித்து வந்த காலம் அது. அதை உயிரின் தொழில் என்று பாஸ்டர் எடுத்துரைத்தார்.

1861-ல் அவர் வெளியிட்ட பரிசோதனை மிகவும் விசேஷமானது. ஈஸ்ட்டைக் காற்றுடனும் காற்றின்றியும் தனித்தனியே வளர்த்து நிறுத்துப் பார்த்தார். காற்றில்லாதபோது ஒரு பங்கு ஈஸ்ட் உண்டாக 60 முதல் 80 பங்கு சர்க்கரை செலவாயிற்று. காற்றிருந்தபோது 4 முதல் 10 பங்கே போதுமாயிருந்தது. காரணம் யாது? பிராணவாயு கிடைத்தால் சர்க்கரை கரியமில வாயுவும் நீருமாக முற்றும் எரிந்து மிகுந்த சக்தியைத் தருகிறது. கிடைக்காவிடில் அது பாதி வழியில் சாராயமாக நின்றுவிடுகிறது. சக்தியில் பெரும்பகுதி அச்சாராயத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே, காற்றில்லாத ஈஸ்ட் உயிர் தரிக்க வேண்டி, சர்க்கரையை விரைந்து விரைந்து அழிக்கிறது. இதனைப் பாஸ்டர் விளைவு என்று இன்றும் வழங்குவர்.

1868-ல் பக்கவாதம் அவரது இடப்பாகத்தைத் தாக்கியது, ஆராய்ச்சி தளரவில்லை. ஜெர்மானியப் படை பிரான்ஸுக்குள் புகுந்தபோது, பான் சர்வகலாசாலை அளித்திருந்த கௌரவப் பட்டத்தை 1871-ல் திருப்பியனுப்பினார். ஜெர்மன் பீரை வெல்லும் பீர் தம் நாட்டில் உண்டாக வேண்டுமென்று உழைத்து, 1876-ல் அதைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். 1895-ல் காலமானார்.

இரண்டே வருஷத்தில், 1897-ல், பூக்னர் என்னும் ஜெர்மானியர், ஈஸ்ட்டை நசுக்கிப் பிழிந்த உயிரற்ற சாறும் சர்க்கரையைப் புளிக்கச் செய்யும் என்று காட்டினார். அச்சாற்றிலுள்ள ரசாயனப் பொருள்களை உண்டாக்குவது ஈஸ்ட்டின் உயிரே. பாஸ்டரும் லீபிக்கும் ஆளுக்கொரு பாதி உண்மையைப் பற்றியிருந்தனர் என்பது அப்போதுதான் புலனாயிற்று. தேசாபிமானம் ஒருவரை உழைக்கத் தூண்டலாம், தூண்டவும் வேண்டும். ஆனால் சத்தியத்துக்குத் தீர்ப்புக் கூறுவது தராசு ஒன்றே. அத்தராசைத் தம் கையாலேயே பிடித்துக் காட்டியதுதான் பாஸ்டரின் நிலைத்த புகழ்.